வீட்டுத் தோட்டத்தில் பாதாம்: கன்று நடுவது முதல் பருப்பு எடுப்பது வரை

குடை விரித்தாற்போல் அடுக்கடுக்காகக் கிளைவிட்டு, அகன்ற இலைகள் சிவந்து உதிரும் நாட்டு வாதுமை வேறு. இங்கே சொல்லப்போகும் பாதாம் வேறு. இது பீச், பிளம் மரங்களின் நெருங்கிய உறவு. குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். வகைக்கேற்ப ஏறக்குறைய 200 முதல் 500 மணி நேரம் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். அந்தக் குளிர் இல்லாத ஊரில் மரம் தழைக்கலாம், காய்ப்பது அரிது.

கன்று தேர்வு

விதை போட வேண்டாம். தாய் மரத்தின் குணம் அப்படியே வராது. கசப்புப் பாதாமாகவும் மாறலாம். கசப்புப் பருப்பில் உள்ள அமிக்டலின் மெல்லும்போது சயனைடை வெளிவிடும். ஆகவே ஒட்டுக்கன்றுதான் சரி. நான்பரேல் போன்ற பெரும்பாலான வகைகள் தன் மகரந்தத்தில் காய்பிடிக்காது. அதே சமயத்தில் பூக்கும் வேறொரு வகையும் அருகில் வேண்டும். நான்பரேலையே இரண்டாக நட்டாலும் பயனில்லை. இடம் ஒன்றுக்குத்தான் என்றால் ஆல்-இன்-ஒன், கார்டன் பிரின்ஸ், இண்டிபெண்டன்ஸ் ஆகிய தன்மகரந்த வகைகளில் ஒன்றை வாங்குங்கள்.

இடமும் நடவும்

நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும். 60 செ.மீ. ஆழத்தில் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அந்த இடத்தை விடுங்கள், அல்லது மேட்டுப்பாத்தி கட்டி அதன்மேல் நடுங்கள். பாதாமைக் கொல்வதில் வறட்சியைவிட வேரழுகல்தான் முந்தி நிற்கும்.

மரம் உறங்கும் குளிர்காலத்தில் நடுவது நல்லது. மரத்துக்கு மரம் 5 மீட்டர் விடுங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் 5 முதல் 10 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். குழிக்குள் எரு போடாதீர்கள்: மக்க மக்க மண் இறங்கி, ஒட்டுப் பகுதி புதைந்துபோகும். எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு, நீர் ஊற்றிப் படிய வையுங்கள். மண் காயாமலிருக்க மேலே பரப்பும் சருகு மூடாக்கு தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

முதல் வெட்டு

இதற்குத்தான் பலருக்கும் மனசு வராது. நட்டவுடன் கன்றை 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் வெட்டிவிடுங்கள். துளிர்ப்பவற்றில் வெவ்வேறு திசை நோக்கிய 3 அல்லது 4 கிளைகளை விட்டு, மற்றவற்றை நீக்குங்கள். நடுவே வெளிச்சம் இறங்கும் கிண்ண வடிவம் கிடைக்கும். கவாத்தை, அதாவது இப்படிக் கிளை வெட்டுவதை, மழையில்லாத நாளில் செய்யுங்கள்; ஈரக் காயத்தில் நோய் எளிதாக நுழையும்.

நீர்

முதல் ஆண்டில் வாரம் ஒருமுறையோ இருமுறையோ, 45 செ.மீ. ஆழம் நனையும்படி விடுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த முறை. அறுவடை முடிந்ததும் நீரை நிறுத்திவிடுவது பெரிய தவறு. அடுத்த ஆண்டின் பூமொட்டு கோடையின் கடைசியில்தான் உருவாகிறது. அப்போது வாடினால் மறு ஆண்டு பூ குறையும்.

பூ உதிர்ந்தால்

பாதாம் குளிர் முழுதாக விலகுமுன்பே பூத்துவிடும். விரிந்த பூ மைனஸ் 2, 3 டிகிரியிலேயே கருகும். ஒரு பூவைப் பிளந்து பாருங்கள்: நடுவிலுள்ள சூலகம் பச்சையாக இருந்தால் பிழைத்தது, கறுத்திருந்தால் உறைபனி கொன்றுவிட்டது. சூலகம் பச்சையாக இருந்தும் பிஞ்சு நிற்காவிட்டால் தேனீ வரவில்லை, அல்லது துணை மரம் பொருந்தவில்லை. பூ இருக்கும்போது பூச்சிமருந்து தெளிக்கவே கூடாது.

அறுவடை

ஒட்டுக்கன்று 3, 4 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். பச்சைத் தோல் முதலில் மேல்கிளைகளில் வெடிக்கும், உள்கிளைகளில் கடைசியாக. உள்ளேயும் வெடித்த பிறகு துணி விரித்துத் தட்டுங்கள். தோலை நீக்கி, காற்றோட்டமான நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஓட்டைக் குலுக்கினால் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பை ஒடித்துப் பாருங்கள்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, பட்டென்று முறிந்தால் தயார்.

மரத்திலேயே ஒட்டிக்கொண்டு காய்ந்த காய்களைக் குளிர்காலத்துக்குள் ஒன்றுவிடாமல் பறித்து அழியுங்கள். அடுத்த பருவத்துப் புழு அவற்றுக்குள்தான் குடியிருக்கும்.