ஜேசானில் நேற்றிலிருந்து மாறாத ஃபீல்டுகளை மட்டும் கழற்றுவது எப்படி

கடையின் பொருள் பட்டியல் தினமும் ஒரு ஜேசான் (JSON, விவரங்களைப் பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) ஃபைலாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று 1042ஆம் எண்ணில் கோதுமை மாவு, எடை 1 கிலோ, விலை 58. இன்று விலை மட்டும் 62. மாறாத ஃபீல்டுகளை (பெயர், எடை போன்ற விவரங்களை) எல்லாம் கழற்றிவிட்டு எண்ணும் புது விலையும் மட்டும் போக வேண்டும். பைதானில் பத்து வரிதான்.

ஃபைல்களை லோடு செய்ததும் நேற்றைய பட்டியலை, பொருள் எண்ணை கீயாக வைத்து டிக்‌ஷனரியாக (கீயைச் சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தருவது) மாற்றிவிடுங்கள். அப்படிச் செய்யாமல் லூப்புக்குள் லூப் போட்டால் பத்தாயிரம் பொருளுக்குப் பத்துக் கோடி ஒப்பீடு வரை போகும். வரிசைப்படி ஒப்பிடுவது அதைவிட மோசம், நடுவில் ஒரு புதுப் பொருள் நுழைந்தால் அதற்குக் கீழே எல்லாமே தப்பாகிவிடும்.

அப்புறம் இன்றைய ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் பழைய ஜோடியை எடுத்து, மதிப்பு வேறாக இருக்கும் ஃபீல்டுகளைப் புது டிக்‌ஷனரியில் போடுங்கள். பழைய ஜோடியே இல்லையென்றால் முழு ரெக்கார்டும் போகட்டும். லூப் ஓடும்போதே அதே டிக்‌ஷனரியில் கை வைத்து நீக்கினால் பைதான் எரர் காட்டி நின்றுவிடும். பொருள் எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகத்தானே இருக்கும், முதலில் காணாமல் போவது அதுதான்.

பழையதில் கீயே இல்லை, புதியதில் கீ இருந்து மதிப்பு நல் (null, வெற்று மதிப்பு) என்றால், கெட் (get, கீ இல்லையென்றாலும் எரர் காட்டாமல் வெற்று மதிப்பைத் தருவது) போட்டு எடுக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரியும். அதனால் கீ இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். நேற்று இருந்து இன்று காணாமல் போன ஃபீல்டும் இந்த முறையில் சிக்காது, அதைத் தனிப் பட்டியலாக வையுங்கள். 62 என்ற எண்ணும் மேற்கோளுக்குள் இருக்கும் 62ம் வேறு. ஆனால் ட்ரூவும் 1ம் பைதானுக்கு ஒன்று.

என் ஒரு மாலையைத் தின்றது வேறொன்று. பெயர் மாறவே இல்லை, ஆனாலும் கோதுமை மாவு மாறியதாகவே வந்துகொண்டிருந்தது. ஒரு ஃபைலில் ‘கோ’வின் ஓகாரக் குறி ஒரே யூனிகோடு (எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண் முறை) எழுத்து, மற்றதில் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு. திரையில் இம்மி வித்தியாசம் தெரியாது! ஒப்பிடும் முன் இரு பக்கத்துப் பெயரையும் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸில் (unicodedata.normalize) என்எஃப்சி (NFC, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) கொடுத்து ஒரே வடிவாக்கினேன், சரியாகிவிட்டது.

கடைசியில் ஃபைலாக எழுதும்போது என்ஷூர் ஆஸ்கிக்கு ஃபால்ஸ் (ensure_ascii=False) கொடுங்கள், இல்லையென்றால் தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பின்சாய்கோடும் எண்களுமாக நிற்கும்.