ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ளவர்களும் குடும்பத்தாரும் சேர்ந்து வரைய ஒரு ஓவியக் குழு: தொடங்குவது எப்படி?

ஆட்டிசம் என்பது பழகுவதும் சத்தம், தொடுதல் போன்றவற்றை உணர்வதும் வேறுவிதமாக இருக்கும் நிலை. ஏடிஎச்டி (ADHD) என்பது கவனத்தை ஒன்றில் நிறுத்துவதோ ஓரிடத்தில் அமைதியாக இருப்பதோ கடினமாகும் நிலை. இப்படி ஒரு குழு தொடங்க நீங்கள் நன்றாக வரையத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் 'ஆர்ட் தெரபி' (ஓவியம் வழியாகச் செய்யும் மனநல சிகிச்சை) என்று அறிவிப்பதற்கு முன் யோசியுங்கள். அது முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை. அப்படி ஒருவர் உங்களோடு இல்லையென்றால், 'ஓவியக் குழு' என்றே சொல்லுங்கள். நம்பி வரும் குடும்பங்களுக்கு அந்த நேர்மை தேவை.

படி 1: முன்கூட்டியே கேளுங்கள்

எந்தச் சத்தம், எந்த வாசனை, எதைத் தொடுவது ஒத்துவராது? இதைப் பெற்றோரிடம் மட்டும் கேட்காமல், வரப்போகிறவரிடமும் கேளுங்கள். வாசல், அறை, மேசை, நடத்துபவர் ஆகிய படங்களை முதல் நாளே அனுப்பிவிடுங்கள். தெரிந்த இடத்துக்குப் போவதுபோல இருந்தால் பாதிப் பதற்றம் குறையும்.

படி 2: அறை

நான்கைந்து பேர் போதும். மினுக்கும் டியூப்லைட், இரையும் ஃபேன் வேண்டாம். எழுந்து போய் உட்கார ஒரு அமைதியான மூலை இருக்கட்டும். போவதற்கும் திரும்பி வருவதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

படி 3: பொருட்கள்

பென்சில், க்ரேயான், ஸ்கெட்ச் பேனாவில் தொடங்குங்கள். இவை சொன்ன பேச்சைக் கேட்கும். வாட்டர் கலர் ஓடும், கலக்கும். சிலருக்கு அதுவே கொண்டாட்டம், சிலருக்குக் கலவரம். களிமண்ணின் பிசுபிசுப்பைத் தாங்க முடியாதவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வழி: ஜிப் கவருக்குள் ஒரு தாளை வைத்து, இரண்டு நிறப் பெயின்ட்டைக் கொஞ்சம் விட்டு மூடி, மேசையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கவரின் மேலே விரலால் தேய்த்தால் உள்ளே நிறங்கள் கலக்கும், கையில் துளியும் ஒட்டாது. பொருட்களை வாயில் வைக்கும் பழக்கம் உள்ளவர் இருந்தால் நச்சில்லாத வண்ணங்கள் மட்டுமே. பாசிமணி, பொத்தான் போன்றவை வேண்டவே வேண்டாம்.

படி 4: நடத்துவது

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை. அதைப் படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். அதையும் செய்தே காட்டினால் இன்னும் நல்லது. முடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு முறையும், ஐந்து நிமிடத்தில் இன்னொரு முறையும் நினைவூட்டுங்கள். கையை உதறுவது, ஆடிக்கொண்டே வரைவது, பேசாமல் இருப்பது எதையும் திருத்த வேண்டாம்.

படி 5: குடும்பத்தாருக்கும் ஒரு தாள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. அம்மா சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் "வானத்துக்கு நீலம் அடி கண்ணா" என்று கை தானாகப் பிள்ளையின் தாளுக்குப் போகும். அவருக்கென்று தனித் தாளும் நிறமும் கொடுங்கள். நாள் முழுக்கப் பிள்ளையைக் கவனித்தே ஓய்ந்தவருக்குத் தனக்காகச் செய்யும் ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது! உடன்பிறந்தவர்களையும் உதவியாளர் ஆக்காமல் வரைய விடுங்கள். குழுவில் வளர்ந்தவர்கள் இருந்தால் குழந்தையிடம் பேசுவதுபோல் பேசாதீர்கள்.

படி 6: படத்தைப் பற்றிப் பேசுவது

"இது என்ன?" என்று கேட்பது பரீட்சைபோல ஆகிவிடும். "இந்தப் பச்சைக் கோடு ஓரம் வரைக்கும் போயிருக்கே" என்று கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கறுப்பு அடித்தால் சோகம் என்றெல்லாம் அர்த்தம் சொல்ல வேண்டாம். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றி யாராவது சொன்னால் மட்டும் காத்திருக்காதீர்கள். குடும்பத்தோடு பேசி, மனநல நிபுணரிடம் உடனே அனுப்புங்கள்.

அப்புறம், படம் வரைந்தவருக்கே சொந்தம். சுவரில் ஒட்டுவதா, வீட்டுக்குக் கொண்டுபோவதா, கிழித்துப் போடுவதா என்பது அவர் முடிவு. ஃபோட்டோ எடுப்பதற்கும் ஒவ்வொரு முறையும் அவரைக் கேளுங்கள்.