நாயனத்தை ஈரத்தோடு உறையில் போடாதீர்கள்

வீரவநல்லூரிலிருந்து சேரன்மகாதேவிக்கு வாரத்தில் மூன்று நாள், நாயனத்தை, அதாவது நாதஸ்வரத்தை, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்துதான் நான் படித்தேன். வழியில் காருகுறிச்சி வரும். நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊர். அங்கே பஸ் நிற்கும்போதெல்லாம் உறையை ஒருமுறை இறுகப் பிடித்துக்கொள்வேன். எங்கள் ஆசானான அண்ணாவி முதல் மாதம் முழுக்க எனக்கு ஊதக் கற்றுத் தந்ததைவிடத் துடைக்கக் கற்றுத் தந்ததே அதிகம். அன்று அது எரிச்சலாக இருந்தது. இன்று என்னிடம் படிக்க வரும் இரண்டு பிள்ளைகளுக்கும் நான் அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன்.

நாயனத்தின் உடலான உலவு ஆச்சா மரம். நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்கிக் கடைவது அந்த மரம் நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கும் என்பதால்தான். அப்படிப்பட்ட மரத்தையும் நம் மூச்சு நனைக்கிறது. ஒரு மணி நேரம் வாசித்தால், மேலே செருகியிருக்கும் உலோகக் குழாயான கெண்டைக்குக் கீழே, துளை குறுகலாக இருக்கும் மேல்பகுதியில் நீர் முத்துமுத்தாக நிற்கும். உள்புறம் ஈரத்தில் ஊதிக்கொள்ளும், வெளிப்புறம் காய்ந்தே இருக்கும். இந்த இழுபறியில்தான் மரம் விரிசல் விடுகிறது. அதனால் வாசித்து முடித்ததும், ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்கும் முன்னால், செய்ய வேண்டியது துடைப்பதுதான்.

முதலில், வாயில் வைத்து ஊதும் நாணல் இதழான சீவாளியைக் கழற்றுங்கள். பிறகு கெண்டையை இலேசாகத் திருகியபடி எடுங்கள், ஆட்டி ஆட்டிப் பிடுங்க வேண்டாம். அடியில் புனல்போல் விரிந்திருக்கும் அணசையும் கழற்றிவிடுங்கள். துடைக்கும் துணி பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியாக இருக்க வேண்டும். எங்கள் ஊர் தறிக்காரர்கள் ஊர் என்பதால் எனக்கு அதற்குப் பஞ்சமில்லை. புதுத்துணி கஞ்சியோடு இருக்கும், ஈரத்தை உறிஞ்சாது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, அதன் இரு முனையிலும் நூல் கட்டுங்கள். ஒரு நூலின் நுனியில் சிறு ஈயக் குண்டு. அகலமான அடிப்பக்கம் வழியாகக் குண்டை விட்டு, மேல்பக்கத்தில் எடுத்து, மெதுவாக இழுக்க வேண்டும்.

இரண்டு முனையிலும் நூல் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் ஒரு நூலோடு துடைத்துக்கொண்டிருந்தவன். ஓர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு முந்தைய நாள் இரவு, துணி கொஞ்சம் தடிமனாகிப் போய் உலவின் குறுகலான இடத்தில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. பயத்தில் ஓர் இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டேன். அண்ணாவி அதை வாங்கி வீசிவிட்டு, "விடியும் வரை அதைத் தொடாதே" என்றார். காலையில் துணி காய்ந்து சுருங்கியிருந்தது. வழுவழுப்பாகச் சீவிய மூங்கில் குச்சியின் நுனியில் துணி சுற்றி, மேலிருந்து அகலப் பக்கமாகத் தள்ளியதும் வந்துவிட்டது. கம்பியை விட்டிருந்தால் உள்துளையில் கீறல் விழுந்து சுருதியே கெட்டிருக்கும். பின்பக்கம் இன்னொரு நூல் இருந்திருந்தால் இரவே திருப்பி இழுத்திருக்கலாம்.

துடைத்த பிறகும் அரை மணி நேரமாவது நிழலில் கோரைப் பாயின்மேல் கிடக்கட்டும். வெயிலில் வைக்கக் கூடாது, மின்விசிறிக்கு நேர் கீழேயும் கூடாது. எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டு வழக்கம் மாதம் ஒருமுறை நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய், துணியில் தடவி உள்ளே ஒரே இழுப்பு, மறுநாள் உலர்ந்த துணியால் இன்னொரு இழுப்பு. மரம் முற்றிலும் காய்ந்திருக்கும் நாளில்தான் இதைச் செய்வேன். ஈரத்தின்மேல் எண்ணெய் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இனி சீவாளி. நாயனத்தின் குரல் அங்கேதான் பிறக்கிறது, பாதிப் பேர் அதைத்தான் கவனிப்பதில்லை. நாணல் தட்டையால் ஆன இரண்டு மெல்லிய இதழ்கள், அவ்வளவுதான். வாசிக்கும் முன் வாய் கொப்பளியுங்கள். கொடை வீட்டில் அன்போடு அல்வா கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல நமக்கும் மனம் வராது. ஆனால் அந்தச் சர்க்கரை இதழ்களுக்கு நடுவே போய் ஒட்டிக்கொண்டால் சீவாளி பேசாது, இரவில் எறும்பும் வந்துவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பும் அப்படியே படிந்து இறுகும். அல்வாவை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, வாசிப்பு முடிந்த பிறகு சாப்பிடுங்கள்.

ஒரே சீவாளியில் தினமும் வாசிக்காதீர்கள். என்னிடம் ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றின் நூல் கட்டிலும் ஒரு நிறப் புள்ளி வைத்திருக்கிறேன், இன்று சிவப்பு என்றால் நாளை பச்சை. ஓய்வு கிடைத்த சீவாளி மீண்டும் விறைப்பாகிறது. புதிதாக வந்ததை முதல் சில நாள் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதுவதில்லை. வாசித்ததும் சுத்தமான தண்ணீரில் ஒருமுறை அலசி, உதறி, மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். சீவாளியின் வாய் அடைத்துக்கொண்டால் நாயனத்தில் தொங்கும் ஊசியை நுழைத்து மெதுவாக விரியுங்கள். தையல் ஊசி இதழைக் கிழித்துவிடும். வாய் அகன்றுவிட்டால் ஈரமாக இருக்கும்போதே இரு விரலுக்கு நடுவே மெல்ல அழுத்துங்கள். காய்ந்த சீவாளியை அழுத்தினால் பிளந்துவிடும். காற்று புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை வரும். மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்ட தகர டப்பா போதும். ஓட்டை சின்னதாக இருக்கட்டும், பெரிதாக இருந்தால் கரப்பான் நுழைந்து இதழின் ஓரத்தை அரித்துவிடும்.

கெண்டை உலோகம், அதற்கு இவ்வளவு பாடு இல்லை. பச்சைக் களிம்பு தெரிந்தால் தனியாகக் கழற்றிப் புளியில் தேய்த்து, நன்றாக அலசிக் காயவைத்துப் பூட்டுங்கள். அதன் அடியில் சுற்றியிருக்கும் நூலைத்தான் அடிக்கடி பார்க்க வேண்டும். அது நைந்தால் காற்று கசியும், மேல் ஸ்வரங்கள் நடுங்கும். நான் தறியில் மிஞ்சும் பாவு நூலையே சுற்றுகிறேன்.

நம் பக்கத்துப் பருவம் நாயனத்துக்குக் கடுமையானது. பங்குனி சித்திரையில் கொடை மேல் கொடை, பகலெல்லாம் வெயில். உலவின் கீழ்த்துளைகளைச் சுருதிக்காகத் தேன்மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். வேனுக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போனால் அந்த மெழுகு இளகி நகர்ந்துவிடும், தவில் தொடங்கிய பிறகுதான் சுருதி கலைந்தது தெரியும். அதனால் பையில் எப்போதும் ஓர் உருண்டை மெழுகு வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்று வேறு விதமானது. திருநெல்வேலியில் அது மரத்தை உலர்த்துகிறது, அதே மாதத்தில் தென்காசி, குற்றாலம் பக்கம் போனால் சாரல். அந்த ஈரத்தில் இரண்டு நாள் உறையைத் திறக்காமல் இருந்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாசிப்பு இல்லாத நாளிலும் உறையைத் திறந்து காற்றாட விடுங்கள். குளிரூட்டிய கல்யாண மண்டபத்தில் எடுத்த உடனே ஊத வேண்டாம். உலவை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பிடித்துச் சூடேற்றுங்கள். மரத்தாலான கிளாரினெட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மயிரிழை விரிசல் தெரிந்தால் வாசிப்பதை அன்றே நிறுத்துங்கள். கடைப் பசையை ஊற்ற வேண்டாம், அது துளைக்குள் வழிந்துவிட்டால் ஆசாரியாலும் சரிசெய்வது கடினம். அப்படியே துணியில் சுற்றி ஆசாரியிடம் கொண்டுபோங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். அணசைக் கழற்றி, ஒருவர் எல்லாத் துளைகளையும் மூடிக்கொள்ள, மற்றவர் அடி வாயை உள்ளங்கையால் அடைக்க வேண்டும். சீவாளி இல்லாமல் கெண்டையில் உதட்டை வைத்து மெல்ல உறிஞ்சிவிட்டு, நுனியை நாக்கால் அடைத்துக்கொண்டு ஐந்து எண்ணுங்கள். காற்றின் பிடி அதுவரை நாக்கை இழுத்துக்கொண்டே இருந்தால் கசிவு இல்லை. இருவரும் விரலை நனைத்துக்கொண்டு செய்தால் சரியாகத் தெரியும். கொடைக்குப் புறப்படும் நாளன்று அல்ல, அதற்கு மூன்று நாள் முன்னால் செய்யுங்கள். நூல் மாற்றவும் மெழுகு வைக்கவும் அப்போதுதான் நேரம் இருக்கும்.