நாற்றின் நுனியைக் கிள்ளும் முன்

நெற்பயிருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். நம்முடைய சில பழக்கங்கள்தாம் அதற்குக் குறுக்கே நிற்கின்றன.

நடவின்போது நுனியைக் கிள்ளி நடுவது பழைய வழக்கம். தண்டைத் துளைக்கும் புழுவின் தாய்ப்பூச்சியான குருத்துப்பூச்சி பெரும்பாலும் இலை நுனியருகேதான் பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியலை வைக்கும்; கிள்ளி அழித்தால் முட்டையும் போய்விடும். நல்ல யோசனைதான். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் நோய் வழக்கமாக வரும் வயலில் இதுவே வினையாகிறது. அந்தப் பாக்டீரியாவால் இலைத்தோலைத் துளைக்க முடியாது. இலை ஓரத்து நீர்த்துளைகளோ ஒரு காயமோதான் அதற்கு வாசல். கிள்ளிய ஒவ்வொரு நாற்றிலும் அந்த வாசலை நாமே திறந்துவைக்கிறோம். அங்கெல்லாம் நுனியை விட்டுவிட்டு, நாற்றங்காலிலேயே முட்டைக் குவியல் உள்ள இலைகளை மட்டும் பொறுக்கி அழியுங்கள்.

நட்ட பயிர் வாடியதும் குருத்துப்பூச்சி என்று முடிவுகட்டி மருந்தடிப்பதும் தவறு. வாடிய குருத்தை இழுத்தால் எளிதாகக் கையோடு வருகிறதா? அப்படியானால் பூச்சிதான். வராவிட்டால், வாடிய பயிரின் அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் வெட்டுவாய் மூழ்கப் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை கசிந்து இறங்கினால் அது பாக்டீரியா. பூச்சிமருந்துக்கு அங்கே வேலையில்லை.

இளம்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவைக் கண்டவுடன் தெளிப்பதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. புழு கடித்ததும் இலையில், பயிரின் தற்காப்பைத் தூண்டும் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகுகிறது. புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்கள் உருவாகின்றன. பயிர் வெளிவிடும் மணத்தை முகர்ந்து ஒட்டுண்ணிக் குளவிகள் தேடி வருகின்றன. போன இலைக்கு ஈடாகப் புது இலையும் தூரும் விடும் வயது அது. அப்போது அடிக்கும் மருந்து குளவியையும் சிலந்தியையும் கொன்றுவிடுகிறது. பின்னால் வரும், தூரடியில் கூடிச் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானைத் தடுக்க வயலில் ஆளில்லை.

யூரியாவை அள்ளிக் கொட்டாதீர்கள். கரும்பச்சையாகக் கொழுத்த இலை புகையானுக்கும் இலைக்கருகலுக்கும் ஒருசேர விருந்து. யூரியா தரும் தழைச்சத்தை, இலையின் பச்சையை ஒப்பிட உதவும் இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுங்கள்.

எதிர்ப்பு ரகம் நட்டால் எல்லாம் தாங்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2008இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் இலைக்கருகலை எதிர்க்கும் மூன்று மரபணுக்கள் இருக்கின்றன. காவல் அந்த ஒரு நோய்க்கு எதிராகத்தான். புகையானுக்கு அதுவும் சாதாரண நெல்தான்.