ஈஸ்டர் நேரத்து இத்தாலி: பக்கத்து ஊருக்கு முன்பதிவு வேண்டாம்

ஈஸ்டர் விடுமுறையில் இத்தாலியின் பழைய நகரங்களைச் சுற்றும்போது, பக்கத்து ஊர்களுக்கு 'ரெஜியோனாலே' என்ற வட்டார ரயிலில் போங்கள். டிக்கெட்டை அன்றைக்கே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ரயில்களில் கட்டணம் தூரத்தை வைத்துத்தான். பண்டிகைக் கூட்டத்தால் விலை ஏறாது. பிரெச்சாரோசா, இத்தாலோ போன்ற அதிவேக ரயில்களிலோ, விமான டிக்கெட் போல, இடம் குறையக் குறைய விலை ஏறும். வட்டார ரயிலில் பிளாரன்ஸிலிருந்து பீசா நகரம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். லூக்காவுக்கும், பொலோனியாவிலிருந்து ரவென்னாவுக்கும், வெனிஸிலிருந்து படோவாவுக்கும் இதே வழி நன்றாக ஒத்துவரும்.

காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் ஸ்டேஷனில் உள்ள சிறிய இயந்திரத்தில் கட்டாயம் முத்திரை குத்துங்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். செல்போனில் எடுத்தால், அதற்கான விதியை ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீண்ட தூரத்துக்கு வட்டார ரயில் சரிப்படாது. ரோம்–பிளாரன்ஸ் அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். வட்டார ரயிலில் மூன்று மணி நேரத்துக்கும் மேல். அந்தப் பயணங்களுக்குத் தேதி முடிவானதுமே முன்பதிவு செய்துவிடுங்கள். ஈஸ்டர் திங்களன்று இத்தாலியர்களும் குடும்பத்தோடு வெளியே கிளம்பிவிடுவார்கள். வட்டார ரயிலில் இருக்கை எண் கிடையாது என்பதால், பெரியவர்களோ பெரிய பெட்டிகளோ கூட இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். விடுமுறை நாட்களில் சில வண்டிகள் ஓடாது. முந்தைய நாளே நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.