இரண்டாங்கட்டு அடுப்படியின் புகைபோக்கி

காரைக்குடியில் எங்கள் வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியான இரண்டாங்கட்டில், தீபாவளிப் பலகாரமான சீப்புச்சீடைக்காக அப்பத்தா விறகடுப்பை மூட்டியபோது, புகை மேலே ஏறாமல் அடுப்படிக்குள்ளேயே திரும்பி, பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமத் தொடங்கினார்கள். உடனே தீயை அணைத்தேன். மறுநாள், அடுப்பு முற்றிலும் ஆறிய பிறகு, புகைபோக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஈர விறகின் புகையால் படிந்த கரி தார் போலப் பளபளத்து, ஒரு விரற்கடை தடிமனில் இறுகியிருந்தது. அந்தப் படிவு தீப்பிடிக்கக்கூடியது என்பதும், வழி அடைபட்டால் மணமே இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் தங்கிவிடும் என்பதும் என்னை மிகவும் கலங்கடித்தன. மூங்கில் கழியில் கம்பித் தூரிகையைக் கட்டி, கொத்தனாரின் துணையோடு அரைநாள் சுரண்டி எடுத்தோம். இப்போது நன்றாகக் காய்ந்த விறகை மட்டுமே எரிக்கிறோம். சாம்பலைத் தகர வாளியில்தான் அள்ளுகிறோம். அடுப்பைச் சுற்றி மூன்றடி தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன். பிள்ளைகள் அதைத் தாண்டுவதில்லை.