கொரிய வீட்டில் ஜேசா: முன்னோர் வழிபாட்டைப் படிப்படியாகச் செய்வது எப்படி?

பண்டைச் சீன ஞானி கன்ஃபூசியஸின் வழிவந்த கன்ஃபூசிய வழிபாடு என்றதும் பலரும் கோயிலைத்தான் தேடுகிறார்கள். கோயில்கள் இருக்கின்றன. ஆனால் அந்த வழிபாடு இன்றும் பெரிதும் நடப்பது வீட்டுக் கூடத்தில்தான். கொரியாவில் இறந்தவருக்கு ஆண்டுதோறும் செய்யும் திவசச் சடங்குக்கு ஜேசா என்று பெயர். கொரியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கும், நண்பர் வீட்டு ஜேசாவுக்கு அழைப்பு வந்து என்ன செய்வதென்று முழிப்பவர்களுக்கும் இது உதவும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இது வரம் கேட்கிற பூஜை அல்ல. வீட்டுக்கு வரும் பெரியவரை வரவேற்று, சாப்பாடு போட்டு, வழியனுப்பி வைப்பது. முன்னோருக்குப் படைக்கும்போது அவர்கள் எதிரில் இருப்பதாகவே எண்ணி கன்ஃபூசியஸ் படைப்பார் என்று அவருடைய உரைகளின் தொகுப்பான லுன்யூ சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும்.

படி 1: நேரமும் இடமும்

இறந்த நாள் பிறக்கும் நள்ளிரவில் செய்வது பழைய வழக்கம். அன்று மாலை 6 மணிக்கு மேல் செய்தாலும் சரிதான் என்று கொரியக் கன்ஃபூசியர்களின் தலைமை அமைப்பான சுங்க்யுன்க்வான் 2023-இல் அறிவித்தது. கூடத்தில் மடக்குத் திரையை விரித்து, அதற்கு முன்னால் மேசையைப் போடுங்கள். திரை நிற்கும் பக்கத்தையே வடக்காகக் கொள்வார்கள். இறந்தவரைக் குறிக்கும் எழுத்துகளை 6 செ.மீ. அகலம், 22 செ.மீ. நீளமுள்ள வெள்ளைத் தாளில் எழுதித் திரைப் பக்கம் வைக்க வேண்டும். இதுதான் ஜிபாங். எழுத வராவிட்டால் புகைப்படம் வைக்கலாம். மேசைக்கு முன்னால் ஊதுவத்திக் கிண்ணமும், மணல் நிரப்பி ஒரு பிடி புல் நட்ட சிறு கிண்ணமும் இருக்கட்டும்.

படி 2: படையல்

முழுப் படையல் ஐந்து வரிசை. திரையை ஒட்டிச் சோறு, சூப், மதுக் கிண்ணம். அடுத்து இறைச்சியும் மீனும், பிறகு குழம்பு வகைகள், அதற்கப்புறம் கருவாடும் கீரை, காய்களும், கடைசியில் பழங்கள். மீன் கிழக்கே, இறைச்சி மேற்கே. சிவப்புப் பழம் கிழக்கே, வெளிர் பழம் மேற்கே என்பார்கள். மிளகாய்த்தூள், பூண்டு சேர்ப்பதில்லை. பீச் பழம் ஆவியை விரட்டிவிடும் என்பதால் அதை வைக்கவே மாட்டார்கள்.

திசைக் கணக்கைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். பழங்கள் பற்றிய அந்த விதி பழைய சடங்கு நூல்களிலேயே இல்லை என்று 2022-இல் சுங்க்யுன்க்வானே சொல்லிவிட்டது. பண்டிகைப் படையலுக்கு எண்ணெயில் பொரித்த பண்டங்கள் கட்டாயமில்லை, ஒன்பது வகை இருந்தாலே போதும் என்றும் சொன்னது. அடுப்படியில் நாள் முழுக்க நின்று களைத்த மருமகள்களை நினைத்தால், இந்த அறிவிப்பு முன்பே வந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

படி 3: அழைப்பும் வணக்கமும்

வழக்கமாக மூத்த மகன்தான் முன்னின்று செய்வார். அவர் மண்டியிட்டு ஊதுவத்தி ஏற்றி வணங்குவார். பிறகு கிண்ணத்து மதுவை மூன்று தடவையாக மணலில் ஊற்றுவார். மேலே போன உயிரைப் புகையும், மண்ணில் கலந்த உயிரை மதுவும் அழைத்து வரும் என்பது நம்பிக்கை. அப்புறம் எல்லோரும் தரையில் நெற்றி தாழ்த்தி வணங்க வேண்டும். ஆண்களுக்கு இடது கை மேலே, பெண்களுக்கு வலது கை மேலே. ஆண்கள் இரண்டு முறை, பெண்கள் நான்கு முறை என்பது பழைய கணக்கு. இப்போது பல வீடுகளில் எல்லோருமே இரண்டு முறைதான்.

படி 4: மூன்று முறை மது

முதல் கிண்ணத்தை மூத்த மகன் படைத்ததும், இறந்தவரை விளித்து எழுதிய வாசகத்தைப் படிப்பார்கள். அப்போது எல்லோரும் மண்டியிட்டிருப்பார்கள். இரண்டாவது கிண்ணத்தை மூத்த மகனின் மனைவியும், மூன்றாவதை நெருங்கிய உறவினரும் படைப்பார்கள்.

படி 5: சாப்பிட விடுங்கள்

சடங்கின் உயிர்நாடி இங்கேதான். சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, கரண்டியை நடுவில் நேராகக் குத்தி நிறுத்துங்கள். குழிந்த பக்கம் கிழக்கைப் பார்க்கட்டும். சாப்பாட்டுக் குச்சிகளை ஏதாவது ஒரு பதார்த்தத்தின் மேல் வையுங்கள். சாதாரண நாளில் சோற்றில் கரண்டியைக் குத்தி வைத்தால் கொரியர்கள் முகம் சுளிப்பது இதனால்தான்.

இனி எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். ஒருவர் ஒன்பது கவளம் சாப்பிடும் நேரம் வரை காத்திருங்கள். அடுக்குமாடி வீட்டில் தனியறை இல்லையென்றால் இருந்த இடத்திலேயே தலை கவிழ்ந்திருந்தால் போதும். சாப்பிடுகிறவரை உற்றுப் பார்க்கக் கூடாது என்கிற மரியாதை எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே போகுமுன் மூத்தவர் மூன்று முறை தொண்டையைச் செருமுவார். அந்தக் குரல் கேட்டபின்தான் கதவு திறக்கும்.

அடுத்து சூப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் வைத்து, அதில் மூன்று கரண்டி சோறு கரைப்பார்கள். சிறிது நேரம் எல்லோரும் தலை குனிந்து நிற்க வேண்டும்.

படி 6: வழியனுப்புதல்

கரண்டியை எடுத்து, சோற்றை மூடி, கடைசியாக ஒருமுறை எல்லோரும் வணங்குங்கள். ஜிபாங்கையும் வாசகத் தாளையும் எரித்துவிட வேண்டும். வீட்டுக்குள் என்றால் இரும்புச் சட்டியில் எரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

படையலை எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டால்தான் ஜேசா முடிந்ததாகக் கணக்கு. நீங்கள் விருந்தாளியாகப் போயிருந்தால், நீட்டும் உணவைக் கொஞ்சமாவது வாங்கிக்கொள்ளுங்கள். மீந்த கீரை, காய்களைச் சோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடுவார்கள். ஆன்தோங் ஊரில் இந்தச் சாப்பாட்டைச் சடங்கே இல்லாமல் உணவகங்களிலும் பரிமாறுகிறார்கள். அங்கேயும் மிளகாய் விழுது கிடையாது, சோயா சாஸ்தான்.